உணவுக் கோளாறிலிருந்து மீண்டு வரும்போது எடை குறைக்கலாமா? நம்ம கொங்குப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதை எழுதும் நான் டாக்டர் இல்லை. ஈரோட்டுக்குப் பக்கத்தில் பிறந்தவள். பதினேழு வயதில் சாப்பாட்டோடு சண்டை போட ஆரம்பித்து, ஆறு வருடம் அதிலேயே கிடந்து, கோயமுத்தூரில் சிகிச்சை எடுத்து மீண்டேன். இப்போது ஒன்பது வருடம் ஆகிறது. விஷயம் தெரிந்தவர்கள் என் நம்பரைக் கைமாற்றிக் கொடுப்பதால், நம்ம பக்கத்துப் பெண் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும் சில பையன்களும் போன் செய்வார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எடை இத்தனை கிலோ, உணவு இத்தனை கலோரி என்று ஓர் எண்கூட இதில் இருக்காது. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். இந்த நோய் உள்ள மனசு எண்ணைக் கண்டால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நானே அப்படிப் பிடித்துக்கொண்டு கிடந்தவள்தான்.

உணவுக் கோளாறு என்றால் என்ன? நம்ம ஊரில் எல்லாம் இது இருக்கிறதா?

இருக்கிறது. பெயர்தான் வேறாக இருக்கிறது. "அவளுக்கு எப்பவும் கேஸ்", "டயட்ல இருக்கா", "விரதமுங்க", "சோறே எறங்க மாட்டேங்குது" என்பதற்குள் ஒளிந்திருக்கும்.

பட்டினி கிடந்து உடலை ஒடுக்குவது அனோரெக்சியா. அடக்க முடியாமல் நிறையச் சாப்பிட்டுவிட்டு, அதை வாந்தி, பட்டினி என்று எப்படியாவது ஈடுகட்டப் பார்ப்பது புலிமியா. ஈடுகட்டாமல், அடக்க முடியாத அந்தச் சாப்பாடும் அதன் பிறகு வரும் அவமான உணர்ச்சியும் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் அது பிஞ்ச் ஈட்டிங். அனோரெக்சியாவுக்கு அந்தப் பெயரை 1873-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் வைத்தார். புலிமியாவைத் தனி நோயாக 1979-இல் ஜெரால்ட் ரஸ்ஸல் விவரித்தார். பிஞ்ச் ஈட்டிங்குக்கு அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் தனி இடம் கிடைத்தது 2013-இல்தான். அதனால்தான் அந்த மூன்றாவதை இன்னும் பலர் நோய் என்றே நம்புவதில்லை. "வாயைக் கட்டத் தெரியாதவ" என்று பேர் வைத்துவிடுகிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆளைப் பார்த்து இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாது. எலும்பும் தோலுமாக இருந்தால்தான் நோய் என்பதில்லை. நடுத்தர உடம்பிலும் பருத்த உடம்பிலும் இது இருக்கும், அதே அளவு ஆபத்தோடு.

சரி, நேராகக் கேட்கிறேன். மீண்டு வருகிறேன். இப்போது பாதுகாப்பாக எடை குறைக்க வழி இருக்கிறதா?

நேராகவே சொல்கிறேன். மீண்டு வரும் காலத்தில் எடை குறைப்பைக் கையில் எடுக்கக் கூடாது. கூடவே எடை குறைப்பும் நடந்தால் மீட்சி நடக்காது. ஒரே வண்டியில் ஒரு மாட்டைக் கிழக்கேயும் இன்னொன்றை மேற்கேயும் பூட்டினால் வண்டி எங்கே போகும்?

அனோரெக்சியாவிலிருந்து மீள்பவருக்குப் பதில் 'இல்லை' என்பதுதான். ஏறும் எடைதான் அவருக்கு மருந்து. நின்றுபோன மாதவிலக்கு திரும்புவதற்கும், மெலிந்த எலும்பு தேறுவதற்கும், குறைந்துபோன நாடித்துடிப்பு சரியாவதற்கும், சுருங்கிய சிந்தனை விரிவதற்கும் அந்த எடை வேண்டும். பாதியில் நிறுத்தினால் நோய் பாதியிலேயே காத்திருக்கும்.

புலிமியாவிலும் பிஞ்ச் ஈட்டிங்கிலும் கேள்வி கொஞ்சம் சிக்கலானது. கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி இருக்கலாம். "எடை குறைக்கச் சொல்லி டாக்டரே எழுதிக் கொடுத்தாருங்க" என்பார்கள். அவர்களுக்கும் வரிசை ஒன்றுதான்: முதலில் அடக்க முடியாத சாப்பாடு நிற்க வேண்டும். அது நிற்பதற்கு முன்னால் டயட் ஆரம்பித்தால், அந்த டயட்டே அடுத்த பிஞ்சைக் கூட்டிக்கொண்டு வரும்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஓர் அக்கா என்னிடம் தன் நாளைச் சொன்னார். காலையில் டீ மட்டும். மதியம் டிபன் பாக்ஸில் பாதி. "அவ்வளவு கட்டுப்பாடா இருக்கிறேனுங்க." ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, அடுப்படியில் விளக்கைக்கூடப் போடாமல், நின்றுகொண்டே, கையில் கிடைத்ததையெல்லாம். காலையில் எழுந்ததும் அந்தக் குற்ற உணர்ச்சியில் மறுபடி டீ மட்டும். ராத்திரியைத்தான் நிறுத்த வேண்டும் என்று வருடக்கணக்காக அவர் போராடிக்கொண்டிருந்தார். சரி செய்ய வேண்டியிருந்தது காலையை. பசித்த உடம்பு ராத்திரியில் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மனநல மருத்துவரும் உணவியல் நிபுணரும் அவரைக் காலையிலிருந்து நேரத்துக்குச் சாப்பிட வைத்தார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று முறை சிறுதீனி, இடைவெளி மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் போகாமல். பதினோரு மணிக்கு அவித்த நிலக்கடலை. பொழுதோட ஒரு சுண்டலோ பணியாரமோ. முதல் சில நாள் பயமாக இருந்ததாம், 'இத்தனை தடவை சாப்பிட்டால் ஊதிவிடுவேனே' என்று. ராத்திரி நேரத்து வெறி தணிய ஆரம்பித்தபோதுதான் நம்பினார்.

இது அந்த மருத்துவர்கள் புதிதாகக் கண்டுபிடித்த வழி இல்லை. ஆக்ஸ்போர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வகுத்த சிகிச்சை முறையின் முதல் படியே இந்த 'ஒழுங்கான சாப்பாடு'தான். இந்தச் சிகிச்சையால் பிஞ்ச் நன்றாகக் குறைகிறது, எடை பெரிதாகக் குறைவதில்லை. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. எடை இறங்கவில்லையே என்று சிகிச்சையை விட்டுவிட்டு ஓடியவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் நோய் திரும்பி வந்தது.

சாப்பிட ஆரம்பித்ததும் பசி அடங்கவே மாட்டேன் என்கிறது. எனக்கு இப்போது பெருந்தீனி நோய் வந்துவிட்டதா?

இந்தப் பயம் எனக்கும் இருந்தது. இதற்கு ஒரு பழைய ஆராய்ச்சி நல்ல பதில் சொல்கிறது.

1944, 1945-இல், இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். எல்லோரும் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருந்தவர்கள், மனசாட்சி இடம் தராததால் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள். போரில் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படிச் சோறு போட்டு மீட்பது என்று தெரிந்துகொள்ள அவர்களாகவே முன்வந்தார்கள். 24 வாரம் அரைப்பட்டினி. அந்த ஆண்கள் சோற்றைப் பற்றியே பேசினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், ஒரு வேளை உணவை நெடுநேரம் பிசைந்துகொண்டிருந்தார்கள். குளிர் தாங்கவில்லை. யாரைக் கண்டாலும் எரிச்சல். சாப்பாடு திரும்பக் கிடைத்தபோது வயிறு நிறைந்தும் பலருக்குப் பசி அடங்கவில்லை, மாதக்கணக்கில். பிறகு படிப்படியாக அடங்கியது.

அவர்களில் யாரும் கண்ணாடியில் குண்டாகத் தெரிகிறோமே என்ற கவலையில் பட்டினி கிடக்கவில்லை. பட்டினி மட்டுமே அவர்களை அப்படி ஆக்கியது. ஆகவே அந்தப் பசி உங்கள் ஒழுக்கக்கேடு இல்லை. வறண்ட காட்டில் முதல் மழை பெய்தால் எவ்வளவு பெய்தாலும் மண் குடித்துக்கொண்டேதான் இருக்கும்.

வயிறு மட்டும் முன்னால் வருகிறது. முகமும் வீங்குகிறது. இது இப்படியே நின்றுவிடுமா?

நிற்காது. எடை திரும்பும்போது முதலில் நடு உடம்பில் சேரும். எடை நிலையான பிறகு ஓராண்டு அளவில் அது மற்ற இடங்களுக்குச் சமமாகப் பரவுகிறது. காலில், முகத்தில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. அதை டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள், சாதாரணம்தானே என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். வாந்தி எடுத்து வந்தவர்களுக்குக் கன்னத்துக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கியிருக்கும். நிறுத்திய பிறகு அது மெல்ல வற்றும்.

இந்த மாதங்களில் பழைய துணிகளைக் கட்டி மேலே போட்டுவிடுங்கள். தளர்வாக நாலு சுடிதார் வாங்கிக்கொள்ளுங்கள். இறுக்கும் இடுப்புப் பட்டி ஒவ்வொரு மணி நேரமும் உங்களிடம் பேசிக்கொண்டே இருக்கும்.

எடை மெஷினை என்ன செய்வது?

எங்கள் அப்பாவுக்கு மஞ்சள் வியாபாரம். குடோனில் மூட்டை எடை போட ஒரு மேடைத் தராசு உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், ஆட்கள் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறுவேன். காலடியில் மஞ்சள் தூள் ஒட்டும். சிவப்பு எண்கள் ஆடி ஆடி நிற்கும் வரை மூச்சுவிட மாட்டேன். அந்த எண் சொல்வதுதான் அன்றைக்கு நான் சோறு தின்னலாமா வேண்டாமா என்ற தீர்ப்பு. வீட்டுக்குள் வந்தால் அம்மா என் உள்ளங்காலைப் பார்த்துவிட்டு, "குடோனுக்கு எதுக்கு அம்மிணி போனே?" என்று கேட்பார். நான் பதில் சொன்னதில்லை.

சிகிச்சையில் என்னை வாரம் ஒருமுறை, மருத்துவமனையில் மட்டும் எடை பார்த்தார்கள். சில மாதம் எண்ணை எனக்குக் காட்டவில்லை, திரும்பி நிற்க வைத்தே பார்த்தார்கள். சில மருத்துவர்கள் எண்ணைக் காட்டி, வரும் பயத்தைப் பேசிப் பழக்குவார்கள். இரண்டு வழியும் உண்டு. வீட்டில் மெஷின் இருக்க வேண்டாம் என்பது என் கருத்து. குடோனில் இருப்பதை எடுக்க முடியாதே என்றால், எங்கள் அப்பா செய்ததைச் செய்யலாம். தராசு இருந்த அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டார். ஏன் என்று என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்துக்கு இன்னும் நன்றியோடு இருக்கிறேன்.

பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிறது. எடை குறைத்தால்தான் சரியாகும் என்கிறார்கள். நான் என்ன செய்ய?

நம்ம பக்கத்துக் கல்லூரிப் பெண்களிடம் இருந்து அதிகமாக வரும் கேள்வி இது. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், அது பிசிஓடிதானா? சாப்பிடாமல் இருந்தாலும் மாதவிலக்கு நிற்கும். மூளை, உடம்பில் சரக்கு இல்லை என்று கணக்குப் போட்டுச் சினைப்பைக்குப் போகும் கட்டளையை நிறுத்திவிடும். அப்போது ஸ்கேன் எடுத்தால் சிலருக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி போலத் தெரியும். ஸ்கேனை மட்டும் பார்த்துப் பிசிஓடி என்று எழுதி, 'எடை குறைம்மா' என்று அனுப்பினால், நோய்க்கு எரிபொருள் ஊற்றிய கதைதான். எனக்கே அது நடந்தது. நான் பார்த்த முதல் டாக்டர் நான் இளைத்ததைப் பாராட்டினார். சாப்பிடுகிறாயா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டாவது, உண்மையிலேயே பிசிஓடி என்றாலும், அது உள்ள பெண்களுக்கு உணவுக் கோளாறு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆகவே மகப்பேறு மருத்துவரிடம் உட்கார்ந்த உடனே சொல்லுங்கள்: "எனக்கு உணவுக் கோளாறு இருந்ததுங்க. டயட் சார்ட் கொடுத்தால் நோய் திரும்பும். எடையைப் பற்றிப் பேசாமல் வைத்தியம் பார்க்க முடியுமா?" முடியும். மாதவிலக்கை ஒழுங்காக்கவும், இன்சுலின் எதிர்ப்பை, அதாவது இன்சுலினுக்கு உடம்பு சரியாக இணங்காத நிலையை, குறைக்கவும் மருந்துகள் உண்டு. தூக்கமும், நேரத்துக்குச் சாப்பாடும், பிடித்த அளவு நடையும் எடை அசையாவிட்டாலும் பலன் தரும்.

சர்க்கரை இருப்பவர்களுக்கும் இதே வழிதான். சர்க்கரை மருந்தையும் இன்சுலினையும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ விடவோ கூடாது. சாப்பாட்டு முறை மாறும்போது அளவு மாற வேண்டியிருக்கும், அதை டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

கொள்ளு, கம்பங்கூழ், சிறுதானியம் என்று இயற்கையாகக் குறைத்தால் தப்பில்லைதானே?

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழியை நம்ம வீட்டுப் பெரியவர்கள் சொல்லாத நாள் இல்லை. கொள்ளு நல்ல சாப்பாடு. புரதமும் நார்ச்சத்தும் இருக்கிறது. மழை நாளில் கொள்ளு ரசத்துக்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் கொழுப்பைக் கரைக்கும் சக்தி எந்தப் பயறுக்கும் கிடையாது. குதிரைக்குக் கொள்ளு வைத்தது ஓடுவதற்குத் தெம்பு வேண்டும் என்றுதானே.

கம்பும் ராகியும் நம்ம மண்ணின் உணவு. காட்டு வேலைக்குப் போகிறவர்கள் தெம்புக்காகக் குடித்த கூழ் அது. பிடித்தால் குடியுங்கள். சோற்றுக்குப் பயந்து குடித்தால் அது டயட்தான், பேர்தான் இயற்கை. இதற்கு நான் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: இன்று கூழுக்குப் பதில் இட்லி வைத்தால் பதற்றம் வருமா? வந்தால், கூழை இறக்கிவைத்துவிட்டு இட்லியைச் சாப்பிட வேண்டிய நாள் அது.

மீண்டு வரும்போது 'கெட்ட உணவு' என்று ஒரு பட்டியல் இருக்கக் கூடாது. எனக்கு நெய் அந்தப் பட்டியலில் முதலில் இருந்தது. சிகிச்சைக்கு நடுவே ஒரு நாள் அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) வீட்டில். வட்டலில் (தட்டில்) அரிசிம்பருப்பு சாதம், சின்ன வெங்காயமும் மிளகும் மணக்க ஆவி பறக்கிறது. அமுச்சி நெய்க் கரண்டியோடு என் தலைக்கு மேல் நின்றாள். அதற்கு முன் எத்தனையோ முறை நான் வட்டலைக் கையால் மூடியிருக்கிறேன். அன்றைக்குக் கையை மடியிலேயே வைத்துக்கொள்ளப் பார்த்தேன். கை நடுங்கியது. நெய் விழுந்து சோற்றுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வாயை விழுங்க ரொம்ப நேரம் ஆனது. அமுச்சி எதுவும் கேட்காமல், பக்கத்து வீட்டு எருமை கன்று போட்ட கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

விரதம் இருக்கலாமா? பழனி பாதயாத்திரை?

இதைச் சொன்னால் சில பேருக்குக் கோபம் வரும். சொல்லித்தான் ஆக வேண்டும். மீண்டு வரும் காலத்தில் விரதம் வேண்டாம்.

நோய்க்கு விரதத்தைப் போல வசதியான ஒளிவிடம் இல்லை. பங்குனியில் கம்பம் நட்டுக் காப்புக் கட்டினால் விரதம், ஆடி வெள்ளி, புரட்டாசி சனி, ஐப்பசியில் சஷ்டி. "இந்த வயசுல எவ்வளவு பக்தி பாரு" என்று ஒறம்பரை (உறவுக்காரர்கள்) எல்லாம் மெச்சும். அந்த மெச்சலில் என் நோய் தடித்தது. மாரியாத்தாளுக்காக நான் பட்டினி கிடக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆத்தாளுக்கும் தெரிந்திருக்கும்.

நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் விரதத்திலிருந்து விலக்கு நம்ம மரபிலேயே உண்டு. இதுவும் நோய்தான். சாமிக்குச் செய்ய வேறு வழிகள் இருக்கின்றன. கோயிலில் நீர்மோர் ஊற்றலாம், விளக்குப் போடலாம், தைப்பூசத்துக்குப் பழனி போகிறவர்களுக்கு வழியில் அன்னதானப் பந்தலில் பரிமாறலாம். பரிமாறிய பிறகு அதே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பாதயாத்திரை இன்னும் சில வருடம் கழித்து, டாக்டர் நாடியும் ரத்தமும் பார்த்துச் சரி என்ற பிறகு.

கல்யாணம் வைத்திருக்கிறார்கள். அதற்குள் குறைக்க வேண்டும் என்கிறார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின மாதங்கள் நோய் திரும்ப ஏற்ற காலம். தூக்கம் இல்லை, ஆளாளுக்கு ஒரு பேச்சு, எந்நேரமும் போட்டோ. ஜாக்கெட் அளவைக் கடைசி மாதத்தில் கொடுக்கலாம் என்று டெய்லரிடம் பேசி வைத்துவிடுங்கள், உள்ளே துணி கூடுதலாக விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். துணிதான் உடம்புக்கேற்ப மாற வேண்டியது. மாப்பிள்ளை வீட்டுக்கு எடை ஒரு நிபந்தனை என்றால், அதைப் பெற்றோர் இப்போதே யோசிப்பது நல்லது.

ஜிம், நடைப்பயிற்சி?

எடை மிகக் குறைவாக இருக்கும்போதும், வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்போதும் உடற்பயிற்சி இதயத்துக்கு ஆபத்து. வாந்தியில் பொட்டாசியம் இறங்கும். பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பு தடம் மாறும். வெளியே பார்க்க நன்றாக இருப்பவருக்கே இது நடக்கும். ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் பார்த்து டாக்டர் சொன்ன பிறகுதான் பயிற்சி.

அதன் பிறகும் ஒரு சோதனை வையுங்கள். கோயமுத்தூர் ரேஸ் கோர்ஸில் நடக்கக் கிளம்பும்போது மழை வந்துவிட்டது. 'சரி, நாளைக்குப் பார்க்கலாம்' என்று காபி போட முடிந்தால் அது நடை. மழையிலேயே நடந்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் மதியச் சோறு இல்லை என்றால் அது நோய்.

பையன்களுக்கு ஒரு வார்த்தை. ஜிம்மில் தசை தெரிய வேண்டும் என்று உடம்பை வற்ற வைத்து, 'கட்டிங்' என்ற பெயரில் நீங்கள் செய்வதற்கும் நான் செய்ததற்கும் பல நேரம் வித்தியாசம் இல்லை. ஆண்களுக்கு இந்த நோய் வராது என்பது பொய்.

எடை குறைக்கும் ஊசி வந்திருக்கிறதே?

மௌஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வீகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. சர்க்கரை நோய்க்கும் உடல் பருமனுக்கும் டாக்டர் சீட்டோடு மட்டும் வாங்க வேண்டியவை. பசியை அடக்கி, வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். குமட்டலும் வாந்தியும் பொதுவான பக்கவிளைவுகள். பசி என்றால் என்ன என்பதையே மறுபடி கற்றுக்கொண்டிருக்கும் உடம்பில், பசியை அணைக்கும் மருந்து என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். அனோரெக்சியா, புலிமியா இருந்தவர்கள் இதைத் தொட வேண்டாம். சர்க்கரைக்காக டாக்டர் எழுதுகிறார் என்றால், எழுதுவதற்கு முன் உங்கள் பழைய கதை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர் மூலம் வாங்கிப் போட்டுக்கொள்வது கூடவே கூடாது.

அப்படியானால் எப்போதுமே கூடாதா? பிற்காலத்தில் டாக்டரே சரி என்றால்?

சிலருக்கு அந்த நாள் வரும், முக்கியமாகப் பிஞ்ச் ஈட்டிங்கிலிருந்து மீண்டு, உடல்நலக் காரணம் உறுதியாக இருப்பவர்களுக்கு. அதற்கு முன் சில விஷயங்கள் நடந்திருக்க வேண்டும். பட்டினி, பிஞ்ச், வாந்தி எல்லாம் நின்று பல மாதங்கள், முடிந்தால் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். எந்த உணவுக்கும் பயம் இருக்கக் கூடாது. எடை குறைக்கச் சொல்லிக் கேட்பது கண்ணாடியா, ரத்தப் பரிசோதனை முடிவா என்று உங்களுக்கே தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த நாள் வந்தாலும் அது டயட் போல இருக்காது. எந்த வேளையும் விடுபடாது. எந்த உணவுக்கும் தடை இருக்காது. கலோரி எண்ணும் ஆப் போனில் ஏறாது. தட்டில் பருப்பும் கீரையும் கொஞ்சம் கூடும், தூக்கம் சீராகும், வாரத்தில் சில நாள் நடை சேரும். எடை மாறினால் மாறட்டும் என்று விட்டுவிட்டு, ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்ப்பார்கள். எப்போது நிறுத்துவது என்பதை முதல் நாளே எழுதி வைப்பார்கள்: ஒரு வேளையைத் தள்ளிப்போட மனசு தேடினால், ராத்திரி வெறி திரும்பினால், மறைத்துச் சாப்பிட்டால், மாதவிலக்கு தள்ளினால், அன்றே நிறுத்தம். 'போதும்' என்று சொல்லும் அதிகாரத்தை வீட்டில் ஒருவருக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

எனக்கு அந்த நாள் வரவில்லை. வர வேண்டிய தேவையும் இல்லை என்று என் டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒறம்பரை வந்தால் முதல் பேச்சே உடம்பைப் பற்றித்தான். எப்படிச் சமாளிக்க?

"என்ன கண்ணு, நல்லா தேறிட்டே!" அன்பாகத்தான் சொல்வார்கள். கேட்பவள் காதில் 'குண்டாயிட்டே' என்று விழும். ஒரு வாக்கியத்தைப் பழகி வைத்துக்கொள்ளுங்கள்: "உடம்பைப் பத்தி வேண்டாமுங்க அத்தை, வேற பேசலாமுங்க." மரியாதையும் இருக்கிறது, கதவும் மூடுகிறது. இதைப் பிள்ளைக்கு முன்னால் அம்மாவோ அப்பாவோ சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

பெற்றோருக்கு: வட்டலைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள், கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவான சிகிச்சை முறையே வளரிளம் பிள்ளைகளுக்குப் பெற்றோர் சோறு போட்டு மீட்பதுதான். அந்த வேலைக்கு நம்ம வீட்டு அம்மாக்களைவிடத் தகுதியானவர்கள் யார்? கூடவே, அவள் முன்னால் உங்கள் எடையைப் பற்றி நீங்களும் புலம்பாதீர்கள்.

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகள்?

மயக்கம், நெஞ்சுப் படபடப்பு அல்லது வலி, வாந்தியில் ரத்தம், நிற்க முடியாத தளர்ச்சி, குழப்பமான பேச்சு. 108-ஐக் கூப்பிடுங்கள். பல நாள் கிட்டத்தட்ட ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தவருக்கு வீட்டில் திடீரென்று நிறையக் கொடுப்பதும் ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று இறங்கி இதயம் பாதிக்கப்படலாம். அவரை மருத்துவமனையில் வைத்து, ரத்தம் பார்த்துப் பார்த்துத்தான் உணவைக் கூட்ட வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தாலும் அது இதே அளவு அவசரம்தான்.

யாரிடம் போவது? செலவு?

மனநல மருத்துவரிடம் ஆரம்பியுங்கள். பொது மருத்துவரும் உணவியல் நிபுணரும் அவரோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பெருந்துறையில் உள்ள ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சேலம், கரூர், நாமக்கல், திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் என்று நம்ம பக்கத்தில் அரசு இடங்களே இருக்கின்றன. மனநலப் பிரிவு என்று கேட்டுப் போங்கள். காப்பீடு வைத்திருந்தால், 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் தர வேண்டும். அதைச் சொல்லிக் கேளுங்கள்.

நேரில் போகத் துணிவு வராவிட்டால் 14416. டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. காசு இல்லை, எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். பேர் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

எடுத்த எடுப்பில் என்ன சொல்வது என்று தெரியாமல் போனை வைத்துவிடுகிறவர்கள் நிறைய. நானும் இரண்டு முறை டாக்டர் அறை வாசல் வரை போய்த் திரும்பியவள். மூன்றாம் முறை நோட்டுத் தாளில் எழுதிக்கொண்டு போய் மேஜை மேல் வைத்தேன். "எனக்குச் சாப்பிடப் பயமாக இருக்கிறது. சாப்பிட்டாலும் பயமாக இருக்கிறது. யாருக்கும் தெரியாது." அவர் படித்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.